பழைய நேரம், புது நேரம்

“தம்பி, இந்தப் பிள்ளையின்ர பிறந்த திகதி போன மாசம் 12. இப்ப 10 எண்டு காட்டுது. நான் ஒண்டும் மாத்தேல்லை.”

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்துக்கு நாங்கள் செய்து கொடுத்த மென்பொருள் அது. வரவேற்பில் இருக்கும் அக்கா பதறிப்போய்த்தான் சொன்னார். குழந்தையின் வயதைப் பார்த்து மருந்து கொடுக்கிற இடம். கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

முதலில் பெரியவர்களின் பதிவுகளை அடையாள அட்டை இலக்கத்தோடு ஒப்பிட்டேன். இலங்கையின் பழைய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். எல்லா வருடமும் பெப்ரவரிக்கு 29 நாள் என்று வைத்தே எண்ணுவார்கள், அதனால் மார்ச் 1 எப்போதும் 061. இதைக் கவனிக்காமல் என் வேலையில் அரை நாள் வீணாய்ப் போனது. அதைச் சரிசெய்த பிறகும் சிலருக்கு ஒரு நாள், சிலருக்கு மூன்று நாள் குறைந்தே நின்றது. யார் எப்போது திருத்தினார்கள் என்ற பதிவுகளைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. ஒரு பதிவை எத்தனை முறை திறந்து சேமித்தார்களோ, அத்தனை நாள் குறைந்திருந்தது.

நடந்தது இதுதான். படிவம் திறக்கும்போது உலாவியில் (பிரவுசரில்) ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் பிறந்த திகதியைக் கொழும்பு நள்ளிரவு என்று எடுத்துக்கொண்டது. சேமிக்கும்போது அதை யூடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு மாற்றியது. கொழும்பு அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால், அதனால் கொழும்பின் நள்ளிரவு யூடிசியில் முந்தைய நாள் மாலை 18:30. டேட்டாபேஸ் நேரத்தை வெட்டிவிட்டு, அந்த முந்தைய நாளை மட்டும் வைத்துக்கொண்டது.

“ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டிவிட்டால் சரி” என்றார் கூட வேலை செய்த அண்ணா. தன் பிறந்த நாளைப் போட்டுப் பார்த்தார், சரியாக வந்தது. நான் என் தம்பியின் திகதியைப் போட்டேன். அவன் 1999இல் பிறந்தவன். மறுபடியும் ஒரு நாள் குறைந்தது!

1996 மே மாதம், மின்சாரத் தட்டுப்பாட்டால் இலங்கை கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தார்கள். அப்புறம் 2006 ஏப்ரல் வரை நாம் யூடிசிக்கு ஆறு மணித்தியாலம் முன்னால் இருந்தோம். உலாவிக்கு இது தெரியும். 1999இல் கொழும்பு நள்ளிரவு என்றால் யூடிசி 18:00 என்று சரியாகவே கணக்கிட்டது. அதோடு ஐந்தரையைக் கூட்டினால் 23:30, இன்னும் முந்தைய நாள்தான். அந்தப் பத்து வருடத்தில் பிறந்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அந்தத் திருத்தம் பிழைத்திருக்கும்.

முன்பதிவு செய்த நேரம், பணம் கட்டிய நேரம் இவையெல்லாம் கணங்கள். அவற்றை யூடிசியில் வைக்கலாம், காட்டும்போது ‘ஏசியா/கொழும்பு’ என்ற நேர வலயப் பெயரைக் கொண்டு மாற்றலாம். பிறந்த திகதி அப்படியல்ல, அது சான்றிதழில் எழுதியிருப்பது. ‘1999-03-12’ என்று எழுத்தாகவே அனுப்பி, டேட்டாபேஸில் நேரம் இல்லாமல் திகதி மட்டும் வைக்கும் புலத்தில் வைத்தோம். நடுவில் எந்த மாற்றமும் இல்லை.

பழைய பதிவுகளைத் திருத்துவதுதான் நாள் தின்றது. சேமித்த தடவைகளை எண்ணி அத்தனை நாளைக் கூட்டலாம்தான், ஆனால் இடையில் யாராவது கையால் திருத்தியிருந்தால்? பெரியவர்களுக்கு அடையாள அட்டை உதவியது. பிள்ளைகளுக்கு அக்காவும் நானும் ஒவ்வொரு வீடாகத் தொலைபேசி எடுத்துக் கேட்டோம்.

தம்பி வன்னியில் பிறந்தவன். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் 1996க்குப் பிறகும் பழைய ஐந்தரைதான் ஓடியது. அவன் பிறந்த நேரத்தை அம்மா குறித்து வைத்த துண்டில் ‘பழைய நேரம்’ என்று பக்கத்தில் எழுதியிருக்கிறார். கணினியின் நேர வலயப் பட்டியலில் அந்தக் கடிகாரத்துக்குத் தனிப் பெயர் கிடையாது. அடுத்த மென்பொருளில் பிறந்த நேரமும் கேட்டார்கள். அதையும் எழுத்தாகவே வைத்து, பக்கத்தில் ஒரு குறிப்புக் கட்டம் சேர்த்தேன்.