ஐந்து நாள் முந்திப் பிறந்த மகளும் இரண்டு எல்.கே.ஜி.யும்

என் மகள் 2021 ஜூலை 26-ஆம் தேதி பிறந்தாள். தமிழ்நாட்டில் எல்.கே.ஜி.யில் சேர ஜூலை 31-க்குள் மூன்று வயது நிறைந்திருக்க வேண்டும். ஐந்து நாள் முந்திப் பிறந்துவிட்டதால் 2024 ஜூனிலேயே சேர்க்கலாம் என்று ஆகிவிட்டது. ஒரு வாரம் பிந்திப் பிறந்திருந்தால் 2025 வரை வீட்டில் யாரும் இந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டார்கள். 'சேர்க்கலாம்' என்பதை 'சேர்த்தே ஆக வேண்டும்' என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். அதனால் என் பிள்ளை பட்ட பாட்டையும், அப்புறம் நாங்கள் எப்படி மாற்றி யோசித்தோம் என்பதையும் எழுதுகிறேன். ஜூன், ஜூலையில் பிறந்த பிள்ளையை வைத்துக்கொண்டு இப்போது குழம்பிக்கொண்டிருப்பவர்களுக்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு மதுரை திருநகரில். வீட்டுக்காரருக்குக் கப்பலூர் சிட்கோவில் ஷிப்ட் வேலை. நான் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். துணி கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "பிள்ளைய எங்க சேர்த்திருக்கீங்க?" என்பதுதான். நாத்தனார் மகன் இரண்டரை வயதிலேயே ப்ளே ஸ்கூலுக்குப் போய் வண்ணங்களின் பெயரையெல்லாம் இங்கிலீஷில் சொல்வான். ஒரு வருஷம் வீணாகிவிடுமே என்ற பயம் எனக்குள் வந்துவிட்டது.

வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் என் மாமியார். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். பிறந்த தேதியை யாரும் எழுதி வைக்காத காலத்தில் வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடச் சொல்வார்களாம். தொட்டால்தான் ஒன்றாம் வகுப்பு. என் மகளையும் அப்படிச் செய்யச் சொன்னார். அவள் விரல் உச்சந்தலையைத் தாண்டவில்லை. "ஏத்தா, கையே எட்டலையே, பச்சப்பிள்ளைய எதுக்கு இப்பவே அனுப்புற?" என்றார். "அத்தை, அது ஒண்ணாப்புக்குப் பார்க்கிறது, இது எல்.கே.ஜி." என்று சொல்லிவிட்டேன்.

பள்ளியை நாங்கள் தேர்ந்தெடுத்த விதமும் சரியில்லை. பெரிய கட்டடம், ஸ்மார்ட் கிளாஸ், மஞ்சள் வேன். அலுவலக அறையில் உட்கார்ந்து பேசினோம், பணம் கட்டினோம், வந்துவிட்டோம். வகுப்பறையைக் கூடப் பார்க்கவில்லை. சேர்த்த பிறகுதான் ஒரு வகுப்பில் நாற்பதுக்கு மேல் பிள்ளைகள், ஒரு மிஸ், இரண்டு வகுப்புக்கும் சேர்த்து ஓர் ஆயா என்று தெரிந்தது.

முதல் வாரம் அழுதாள். எல்லாப் பிள்ளைகளும் அழத்தானே செய்யும் என்று இருந்துவிட்டோம். இரண்டாவது வாரம் அழுகை நின்றது. பழகிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வந்தது. ஒருநாள் இல்லை, தினமும். ஸ்கூல் பையில் ஈர ஜட்டி ஒரு பாலிதீன் கவரில் முடிச்சுப் போட்டுக் கிடக்கும். ஒருநாள் ராத்திரி தூக்கத்தில், "மே ஐ கோ டு டாய்லெட் மிஸ், மே ஐ கோ டு டாய்லெட் மிஸ்" என்று முனகினாள். அதற்கப்புறம்தான் உட்கார வைத்து மெதுவாகக் கேட்டேன். இங்கிலீஷில் கேட்டால்தான் விடுவார்களாம். அந்த வாக்கியம் அவள் வாயில் சரியாக வரவில்லை. பாத்ரூம் கதவு கனம், உள்ளே இருட்டு. அதனால் தண்ணீர் குடிக்காமலே இருந்தால் போக வேண்டியிருக்காது என்று அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். மூன்று வயது கூட நிறையாத பிள்ளை.

மூன்றாவது வாரம் காய்ச்சல், யூரின் போகும்போது எரிச்சல். குழந்தைகள் டாக்டர் சிறுநீரில் தொற்று என்றார். தண்ணீர் குடிக்காமல், அடக்கிக்கொண்டும் இருந்தால் இப்படித்தான் வரும், பெண் குழந்தைகளுக்குச் சீக்கிரம் வரும் என்று சொன்னார். மருந்து எழுதிவிட்டு, "ஒரு வருஷம் விட்டா என்னம்மா?" என்று கேட்டார். அந்த வாரமே நிறுத்திவிட்டோம். கட்டிய பணம் திரும்ப வரவில்லை. அந்த மிஸ்ஸைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, நாற்பது பிள்ளைகளை ஓர் ஆள் எப்படிப் பார்ப்பது?

அன்று ராத்திரி காலண்டர் தாளின் பின்பக்கம் வீட்டுக்காரர் ஒரு கணக்குப் போட்டார். இதை நீங்களும் உங்கள் பிள்ளைக்குப் போட்டுப் பாருங்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் ஒன்றாம் வகுப்புக்கு ஜூலை 31-க்குள் 5 வயது நிறைந்தால் போதும். அப்படிப் பார்த்தால் இவள் 2026 ஜூனில், நாலே முக்கால் வயது தாண்டியதும் ஒன்றாம் வகுப்பு போவாள். பிளஸ் டூ பரீட்சை எழுதும்போது வயது பதினாறரையைத்தான் தாண்டியிருக்கும். ஒரு வருஷம் தள்ளினால் 2027-ல், ஆறு வயது நிறைய ஒரு மாதம் இருக்கும்போது ஒன்றாம் வகுப்பு. 2020-இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது என்கிறது. கேந்திரிய வித்யாலயாவில் மார்ச் 31 அன்று ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும். நரிமேட்டிலும் திருப்பரங்குன்றத்திலும் இருக்கிற கேந்திரிய வித்யாலயாக்களை நினைத்தால், ஜூலையில் பிறந்த இவள் 2028 வரை காத்திருக்க வேண்டும். ஆக, ஒரே பிள்ளைக்கு, பள்ளியைப் பொறுத்து ஒன்றாம் வகுப்பு 2026-லும் வரலாம், 2028-லும் வரலாம். எந்தப் பாடத்திட்டம் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால்தான் எல்.கே.ஜி.க்கு வருஷம் தெரியும். நாங்கள் மாநிலப் பாடத்திட்டம், ஒரு வருஷம் தள்ளிப் போடுவது என்று முடிவு செய்தோம்.

ஆனால் அந்த ஒரு வருஷம் முழுக்க வீட்டில் வைத்திருக்கவும் முடியாது. நான் தையல் மெஷினில் உட்கார்ந்தால் அவள் கையில் செல்போன்தான். பக்கத்துத் தெரு பால்வாடிக்கு அனுப்பலாம் என்று மாமியார்தான் சொன்னார். அங்கன்வாடி என்று பலகையில் எழுதியிருந்தாலும் எங்கள் ஊரில் பால்வாடிதான். எனக்குத் தயக்கம் இருந்தது. இல்லாதவர்கள் வீட்டுப் பிள்ளைகள் சோற்றுக்காகப் போகிற இடம் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பு தப்பு என்று இப்போது வெட்கப்படாமல் சொல்கிறேன்.

பதினேழு பிள்ளைகள், ஒரு டீச்சர், ஓர் ஆயாம்மா. இரண்டு வயதிலிருந்தே அங்கே சேர்க்கலாம். 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டத்தில் மாதத்துக்கு ஒரு விஷயம் எடுத்துப் பாட்டு, கதை, விளையாட்டு. களிமண்ணில் உருண்டை பிடிப்பார்கள், புளியங்கொட்டையைப் பிரித்து அடுக்குவார்கள். மாசாமாசம் எடையும் உயரமும் எடுத்துக் குறித்துக்கொள்வார்கள். மத்தியானம் சூடான சோறு, வாரத்தில் மூன்று நாள் முட்டை. வீட்டில் முட்டையைத் தொடாதவள் அங்கே வரிசையில் உட்கார்ந்து தானே உரித்துத் தின்றாள். எல்லாவற்றையும் விட, "டீச்சர், ஒண்ணுக்கு வருது" என்று தமிழில் சொன்னால் போதும், ஆயாம்மா கூடப் போய் நிற்பார். மூன்றே மாதத்தில் தானாகப் போய்த் தானாகக் கழுவி வரக் கற்றுக்கொண்டாள். என்னைக் கேட்டால் பள்ளியில் சேரும் முன் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டிய முதல் பாடம் இதுதான்.

எல்லாப் பால்வாடியும் இப்படி இருக்கும் என்று சொல்ல மாட்டேன். இன்னொரு தெருவில் இருந்ததற்குச் சுற்றுச்சுவர் கிடையாது, வாசலிலேயே பைக் போகும். போய்ப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். அந்த அக்டோபரில் விஜயதசமி அன்று மாமியார் வந்து, தாம்பாளத்தில் அரிசி பரப்பி, அவள் விரலைப் பிடித்து 'அ' எழுத வைத்தார். அந்த வருஷம் அவள் எழுதிய ஒரே எழுத்து அதுதான்.

2025 ஜனவரியில் மறுபடி பள்ளி தேடினோம். இந்த முறை அட்மிஷன் அறைக்குப் போகும் முன், பள்ளி விடுகிற நேரத்தில் கேட் முன்னால் போய் நின்றோம். நாலு பள்ளிகளில் இப்படி நின்றிருக்கிறேன். பிள்ளைகளை யார் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறார்கள், யாரிடம் ஒப்படைக்கிறார்கள், வேனில் எத்தனை பிள்ளைகளை ஏற்றுகிறார்கள், கதவுப் பக்கம் பெரியவர் யாராவது உட்காருகிறார்களா என்று பார்த்தால் பாதி தெரிந்துவிடும். ஒரு பள்ளியில் டிரைவர் மட்டும்தான், கதவுக் கொக்கியை ஒரு யூ.கே.ஜி. பையனே போட்டான். அப்படியே திரும்பிவிட்டோம்.

உள்ளே போனதும் நான் முதலில் கேட்டது பாத்ரூமை. "எதுக்கும்மா?" என்று ஓர் இடத்தில் கேட்டார்கள், காட்டவில்லை. இன்னோர் இடத்தில் வாசனைத் திரவம் தெளித்துப் பளபளவென்று இருந்தது, ஆனால் எல்லாம் பெரியவர்கள் உயரத்துக்கு. அப்புறம் வகுப்பறை. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-இல் 94 பிள்ளைகள் தீயில் போனதை நம் ஊரில் பெற்றவர்கள் மறக்க முடியாது. அதனால் சின்னப் பிள்ளைகள் தரைத்தளத்தில் இருக்கிறார்களா, வெளியே வர எத்தனை வழி, சமையல் எங்கே நடக்கிறது என்று பார்த்தேன். பிறகு எல்.கே.ஜி. நோட்டு ஒன்றை வாங்கிப் புரட்டினேன். ஒரு பள்ளியில் ஜூலை மாதமே பக்கம் பக்கமாக ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன். ஒரு பிள்ளை பென்சிலை அழுத்தி அழுத்தித் தாள் கிழிந்திருந்தது. எங்களுக்குப் பிடித்த பள்ளியில் தீபாவளி வரைக்கும் பென்சிலே இல்லை. கிழித்து ஒட்டுவது, மணி கோப்பது, மாவு பிசைவதுதான். விரலுக்குப் பலம் வந்த பிறகு எழுத்து தானாக வரும் என்று அந்த எச்.எம். சொன்னார். நான் ஊசியில் நூல் கோக்கிறவள், அது எனக்குச் சட்டென்று புரிந்தது.

அது சின்ன நர்சரி பிரைமரி. இருபத்திரண்டு பிள்ளைகள், மிஸ், ஓர் உதவியாளர். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். வேன் செலவு மிச்சம் என்பதை விட, காலை ஏழரைக்கே பிள்ளையை எழுப்பி வண்டியில் திணிக்க வேண்டாம் என்பது பெரிய நிம்மதி. அங்கீகாரச் சான்று எந்த வருஷம் வரை இருக்கிறது என்று கேட்டு வாங்கிப் பார்த்தோம். கூச்சப்படாமல் எல்லோரும் கேட்க வேண்டும்.

காகித வேலையில் ஒன்று மட்டும் சொல்கிறேன். பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா, ஆதாரிலும் அதே எழுத்தில், அதே இனிஷியலில் இருக்கிறதா என்று முன்னாலேயே பாருங்கள். எங்களுக்கு இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். இரண்டு நாள் அலைச்சல். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளி எல்.கே.ஜி.யில் இலவசமாகச் சேர்க்க வழி உண்டு. ஆனால் 2025-ல் ஏப்ரலில் வர வேண்டிய அறிவிப்பு அக்டோபரில்தான் வந்தது. எதிர்வீட்டுப் பெண் அதை நம்பி இருந்து ரொம்பத் தவித்துப் போனார். அதை மட்டும் நம்பாமல் இன்னொரு வழியும் வைத்துக்கொள்வது நல்லது.

பணம் கட்டி முடித்து நிம்மதியாக இருந்தபோது, 2025 ஏப்ரல் கடைசியில், மதுரையிலேயே ஒரு மழலையர் பள்ளியில் நாலு வயதுப் பெண் குழந்தை தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்துவிட்டாள். என் மகளின் வயதை ஒட்டிய பிள்ளை. ரெண்டு நாள் மெஷினில் உட்கார முடியவில்லை. எத்தனையோ பார்த்த நான் தொட்டியைப் பார்க்கவில்லை. மறுநாள் நாங்கள் பணம் கட்டிய பள்ளிக்குப் போனேன். எனக்கு முன்னால் நாலைந்து அம்மாக்கள் வந்து நின்றார்கள். எச்.எம். ஒன்றும் பேசாமல் எங்களைப் பின்பக்கம் கூட்டிப் போனார். தரைத்தொட்டி, மேலே இரும்பு மூடி, பூட்டு. மூடியின் ஓர் ஓரம் துருப்பிடித்து விரல் நுழையும் அளவு இடைவெளி இருந்தது. ஓர் அம்மா அதன் மேல் ஏறி நின்று பார்த்தார், லேசாக ஆடியது. "இதை மாத்தாம பிள்ளைங்கள அனுப்ப மாட்டோம்மா" என்று சொன்னோம். பள்ளி திறக்கும் முன் புது மூடி போட்டு, சுற்றி இடுப்பளவு கம்பியும் அடித்துவிட்டார்கள். திறந்த அன்று நான் முதலில் அங்கேதான் போய்ப் பார்த்தேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அவளுக்கு நாலு வயது நெருங்கிவிட்டது. முதல் நாள் கேட்டில் கண் கலங்கினாள், ஆனால் மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் வந்ததும் நான் பையைத்தான் திறந்தேன். தண்ணீர் பாட்டில் காலி.

சங்கடம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. வகுப்பில் இவள்தான் உயரம். தெருவில் கூட விளையாடும் பிள்ளை யூ.கே.ஜி. போவதைப் பார்த்து, "நான் ஏம்மா எல்.கே.ஜி.?" என்று கேட்கிறாள். "நீ ஒரு வருஷம் பால்வாடியில படிச்சேல்ல, அதான்" என்று சொல்கிறேன். அது அவளுக்குப் போதுமானதாக இருக்கிறது.

போன வாரம் என் தங்கச்சி ஒத்தக்கடையிலிருந்து போன் பண்ணினாள். அவள் மகனுக்கு ஆகஸ்ட் 9 பிறந்த நாள், ஒன்பது நாளில் ஒரு வருஷம் போய்விட்டது என்று அழாத குறை. தேதியை மாற்றி எழுதித் தருகிறேன் என்று யாரோ ஒரு புரோக்கர் சொல்லியிருக்கிறாராம். "அந்த ஆள் நம்பரை முதல்ல அழி. ஞாயித்துக்கிழமை வந்து நம்ம டீச்சரைப் பாரு, நீ உங்க ஏரியா பால்வாடியில என்னென்ன கேக்கணும்னு அவங்களே சொல்லுவாங்க" என்றேன். வருகிறேன் என்றிருக்கிறாள்.