கொக்கி

மார்ச் 3
ஸ்குவாஷ் (சுவரில் பந்தடிக்கும் ஆட்டம்) ஆடும்போது அடிபட்ட வலது மணிக்கட்டு. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையாம். சுளுக்கு, ஐஸ், பத்து நாள் ஓய்வு. சரி.

மார்ச் 14
ராக்கெட் கைப்பிடியின் அடிமுனை உள்ளங்கையில் படும் அதே இடத்தில்தான் குத்துகிறது. ஈரத்துணி பிழிய முடியவில்லை. சுண்டுவிரல் மரத்துப்போகிறது. அம்மாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 17
வேறு டாக்டர். பழைய படத்தைத் தொடவே இல்லை, கையைத்தான் பிடித்தார். மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்து, கடைசி இரண்டு விரல்களை மடக்கச் சொல்லி எதிரே இழுத்தார். கத்திவிட்டேன். "எப்படிம்மா பட்டுச்சு?" சுவரோரப் பந்தை எடுக்கப்போய் ராக்கெட் சுவரில் மோதியது என்றேன். உடனே சிடி ஸ்கேன்.

ஹாமேட்டாம். மணிக்கட்டின் எட்டு எலும்புகளில் ஒன்று. அதிலிருந்து உள்ளங்கைப் பக்கம் நீட்டும் கொக்கி அடியோடு முறிந்திருக்கிறது. சாதாரண எக்ஸ்ரேயில் மற்ற எலும்புகளின் நிழலில் ஒளிந்துகொள்ளுமாம். சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பும் தசைநாணும் அதை ஒட்டித்தான் ஓடுகின்றன. இப்படியே ஆடினால் நாண் தேய்ந்து அறுந்தும் போகலாம்.

நேற்றுகூட அரை மணி நேரம் தனியாக அடித்துப் பார்த்தேன்.

மார்ச் 18
கட்டுப் போட்டால் ஆறு வாரம். ரத்த ஓட்டம் குறைவான இடம், ஒட்டாமலும் போகலாம். முறிந்த எலும்புத் துண்டை எடுத்துவிட்டால் ஆறு முதல் எட்டு வாரத்தில் கோர்ட்டில் ஆடலாம். எலும்பை எடுத்துப் போட்டுவிட்டு எப்படி ஆடுவது? பேஸ்பால்காரர்கள் எத்தனையோ பேர் அப்படித்தான் ஆடுகிறார்களாம். எனக்கென்ன பேஸ்பால்? லாஸ் ஏஞ்சலஸ் 2028. ஸ்குவாஷ் முதல்முறையாக ஒலிம்பிக்கில் வரும்போதா என் கை இப்படி?

மார்ச் 24
எடுத்தாயிற்று.

ஏப்ரல் 1
கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. இடது கையில் கரண்டியோடு ரசத்தை இலை முழுக்கத் துரத்தினேன். பாட்டி பொறுக்கமாட்டாமல் உருண்டை பிடித்து ஊட்டினார். இருபத்து நாலு வயசு. பக்கத்து மேசைப் பையன் சிரித்தான்.

ஏப்ரல் 7
தையல் பிரித்தார்கள். தழும்பைத் தினமும் தேய்த்துவிட வேண்டும். சுண்டுவிரல் நுனி மரமரப்பு.

ஏப்ரல் 16
பிடிபலம் இடது 30 கிலோ, வலது 13. பிசியோ அக்கா பிசைய களிமண் மாதிரி ஒரு பச்சை உருண்டை கொடுத்தார். பாட்டி அதைப் பார்த்துவிட்டு சப்பாத்தி மாவை முன்னால் வைத்தார்: "இதப் பிசைடி, ராத்திரிக்காவது ஆகும்."

ஏப்ரல் 29
வலது 22 கிலோ. எல்ஆர்டி ரயிலில் புக்கிட் ஜாலில் ஸ்குவாஷ் அரங்குக்குப் போய், ஆடாமல், கோர்ட்டின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். 1998 காமன்வெல்த்தில் ஸ்குவாஷ் அறிமுகமானது இங்கேதான் என்று அப்பா நூறாவது முறையாகச் சொல்லியனுப்பியிருந்தார். கோச் ராக்கெட்டை நீட்டினார். அடிமுனையில் கூடுதலாக டேப் சுற்றியிருந்தது. சும்மா பிடித்துக்கொண்டிருந்தேன்.

மே 5
25. நுனி இன்னும் மரமரப்பு. நாளை எட்டு மணிக்கு, கோச் மட்டும். சுவரோரப் பந்து கிடையாதாம்.