கறுப்பு மை படாத வரி

“இதை யாரு தம்பி எழுதியிருப்பாங்க?” என்று பெரியவர் தாளைத் திருப்பிக் காட்டினார். “சிஸ்டமே போட்டிருக்கும் ஐயா” என்றேன். அமெரிக்காவில் ஒரு விமான நிறுவனத்தின் கவுண்டரில் எனக்கு வேலை. நான்கு வருஷமாகிறது.

கீழக்கரைக்காரர், கிரீன் கார்டு வைத்திருந்தார். ஊருக்குப் போகும்போதெல்லாம் போர்டிங் பாஸில் நான்கு எஸ் (SSSS) விழும்; கூடுதலாகச் சோதிக்கச் சொல்லும் அடையாளம். வீட்டிலிருந்து செக்-இன் ஆகாது, கவுண்டருக்கு வரவேண்டும், அப்புறம் தனிச் சோதனை. பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றும் 72 மணி நேரம் முன்பே அரசுக்குப் போய்விடும். எங்களுக்குத் திரும்பி வருவது ஒரு குறியீடு. காரணம் வராது. “ஏன் எனக்கு மட்டும்?” என்றார் முதல் தடவை. “சும்மா ரேண்டம்தான்” என்றேன், சொல்லிக்கொடுத்த மாதிரியே.

மூன்றாம் தடவை குரல் உயர்ந்தது. முன்பதிவில் ஒரு குறிப்பு தட்டினேன்: பயணி கோபமாக இருக்கிறார், சோதனை பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறார். அடுத்து வருகிறவருக்கு உதவட்டும் என்றுதான். சரி, எரிச்சலும் இருந்தது.

வெளிநாடு போகும் விமானம் என்றால் அந்தக் குறிப்புகளும் சேர்ந்தே சுங்க, எல்லைக் காவல் துறைக்குப் போகும். தெரிந்ததுதான். அங்கே 15 வருஷம் வரை கிடக்கும் என்பதைப் பிறகுதான் படித்தேன்.

அவர் விடவில்லை. அரசின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினார். கண்காணிப்புப் பட்டியலில் இருக்கிறார் என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல் கடிதம் வந்தது. 1974ஆம் ஆண்டுத் தனியுரிமைச் சட்டத்தைக் காட்டித் தன் பதிவுகளைக் கேட்டார். வந்த கட்டில் பாதி கறுப்பு. ஏன் சோதிக்கிறார்கள் என்பது அதில் இல்லை. என் வரி மட்டும் பளிச்சென்று இருந்தது. தட்டியவரின் குறியீட்டின் மேல் மை பூசியிருந்தார்கள். தனியுரிமை கேட்டு அலைந்தவர் அவர், கிடைத்தது எனக்கு.

நான் எழுதும் முன்பே எஸ் விழுந்துகொண்டிருந்ததே என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அதற்குப் பிறகு விழுந்தவை? 2005இல் ரஹினா இப்ராஹிம் என்ற மலேசிய ஆய்வு மாணவியை சான் ஃபிரான்சிஸ்கோவில் விமானம் ஏறவிடாமல் நிறுத்தினார்கள். எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் படிவத்தில் கட்டம் மாற்றிக் குறித்ததுதான் காரணம் என்று நீதிமன்றம் சொல்ல 2014 ஆயிற்று. அந்த அதிகாரியும் அன்று வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் என்னுடையது தவறு இல்லையே. அவர் கேட்டார், கேட்டதாக எழுதினேன். கோபம் என்பது மட்டும் என் சொல். இப்போது அழித்தாலும், அழித்தேன் என்பதும் அந்த முன்பதிவின் வரலாற்றில் நிற்கும்.

“நான் கோவப்படவே இல்லியே தம்பி, கேக்கத்தானே செஞ்சேன்?” என்றார், தாளை மடித்தபடி.

ஜன்னல் சீட் வேண்டுமா ஐயா என்று கேட்டேன்.