பாத்திரம் துலக்கும் மெஷின் வந்த ஜனவரி

ஜனவரி 3, 2025, கானாடுகாத்தான்

டிஷ்வாஷர் காரைக்குடியிலிருந்து வேனில் வந்து பின்கட்டு அடுப்படியில் இறங்கியாயிற்று. நாளை பொருத்த வருகிறார்கள். அதற்குள் தண்ணீரையும் கரண்டையும் சரிபார்த்துவிட வேண்டும்.

தண்ணீர் அழுத்தம் குறைந்தது 0.5 பார் இருக்க வேண்டும் என்கிறது இந்த மாடலின் கையேடு. 10 மீட்டர் உயரத்தில் நிற்கும் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் தரும். அப்படியானால் தொட்டியின் நீர்மட்டம் மெஷின் பைப்பைவிட 5 மீட்டராவது மேலே இருக்க வேண்டும். எங்கள் தொட்டி அவ்வளவு உயரத்தில் இல்லை. அப்பச்சி சின்ன பிரஷர் பம்ப் ஒன்று வாங்கச் சொல்லிவிட்டார்.

கரண்ட் விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். உள்ளே ஹீட்டர் இருக்கிறது, 2,000 வாட் அளவில் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக்கும் ஒழுங்கான எர்த்தும் கட்டாயம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகவே கூடாது. எலெக்ட்ரீஷியன் பழைய வயரிங்கை நம்பாமல் மீட்டர் போர்டிலிருந்து தனி லைன் இழுத்துக் கொடுத்தார். தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் ஓடும்போது அங்கே போய்ச் சிக்கனம் பார்ப்பது தவறு.

ஜனவரி 5

பொருத்தியாயிற்று. கழிவுக் குழாயைத் தரையோடு போட்டுவிடாமல் ஒரு வளைவு கொடுத்து மேலே ஏற்றி இறக்கியிருக்கிறார்கள். சாக்கடைத் தண்ணீர் திரும்ப மெஷினுக்குள் ஏறாமல் இருக்க அந்த வளைவு அவசியம்.

எங்களுடையது போர் தண்ணீர். கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். கால்சியமும் மக்னீசியமும் கலந்த கடின நீர் இது. இதற்காகவே மெஷினுக்குள் ஒரு மென்மையாக்கும் பகுதி இருக்கிறது. அதிலுள்ள பிசின் மணிகள் தண்ணீரிலிருந்து கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் நிரம்பியதும் உப்புக் கரைசல் பாய்ந்து அவற்றைக் கழுவிப் புதுப்பிக்கும். உப்பு இல்லையென்றால் இந்தச் சுற்று நின்றுவிடும். அப்புறம் டம்ளர்களில் வெள்ளைப் பூச்சு படியும், ஹீட்டரிலும் படியும்.

"உப்புத்தானே, கல்லுப்பு போட்டால் ஆகாதா?" என்று ஆத்தா கேட்டார்கள். ஆகாது. கல்லுப்பில் மண்ணும் வேறு தாதுக்களும் கலந்திருக்கும். பாக்கெட் தூள் உப்பில் அயோடினும், கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் உண்டு. இவையெல்லாம் மணிகளையும் குழாய்களையும் அடைத்துவிடும். டிஷ்வாஷருக்கென்று விற்கும் சுத்தமான கரட்டு உப்பைத்தான் போட வேண்டும். போட்ட கையோடு மெஷினை ஓட்டிவிடவும் வேண்டும், சிந்திய உப்புத் தண்ணீர் உள்ளே நின்றால் எவர்சில்வரே அரித்துப்போகும்.

தண்ணீரின் கடினத்தன்மையைப் பரிசோதனைப் பட்டையில் பார்த்து, அதற்கேற்ற நம்பரை மெஷினில் வைத்தோம். பலர் இதைத் தொடுவதே இல்லை என்று பொருத்தியவர் வருத்தப்பட்டார்.

ஜனவரி 7

இன்று பாத்திரம் அடுக்கப் பழகினோம். பாத்திரம் தேய்க்க வரும் அக்காவும் நானும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். மெஷின் வந்ததால் அவர் சம்பளத்தில் ஒரு ரூபாயும் குறையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மிளகாயும் சோப்பும் சேர்ந்து அவர் விரல் இடுக்கெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. இதை வாங்கியதற்கு அதுதான் பெரிய காரணம்.

இந்த மெஷின் எதையும் தேய்ப்பதில்லை. உள்ளே நாரும் இல்லை, பிரஷும் இல்லை. சூடான தண்ணீரைச் சுழலும் குழாய்கள் பீச்சி அடிக்கின்றன, பவுடர் கறையை இளக்குகிறது. தண்ணீர் நேராகப் படாத இடம் அழுக்காகவே வெளியே வரும். அதனால் எதை எங்கே வைத்தாலும், "இதன் அழுக்குப் பக்கத்தைத் தண்ணீர் பார்க்குமா?" என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். அக்கா இதை உடனே பிடித்துக்கொண்டார். சுழலும் குழாயைக் காத்தாடி என்கிறார். எங்களுக்கும் இப்போது அதுதான் பெயர்.

கீழ் ரேக்கில் தட்டுகள், குழம்புச் சட்டி, சோற்றுப் பானை. தட்டுகள் நடுவைப் பார்த்துச் சற்றே சாய்ந்து, ஒன்றையொன்று தொடாமல் நிற்க வேண்டும். சட்டி பானை எல்லாம் கவிழ்ந்தே இருக்க வேண்டும். ஒரு பெரிய சட்டியைப் படுக்க வைத்துவிட்டால் கீழிருந்து வரும் தண்ணீர் முழுவதையும் அது மறித்துக்கொள்ளும், மேலே இருப்பதற்கு ஒரு சொட்டும் போகாது. மேல் ரேக்கில் டம்ளர், டபரா, கிண்ணம், கண்ணாடிச் சாமான். நம் எவர்சில்வர் டம்ளர்களின் அடியில் ஒரு குழி இருக்கிறதே, நேராகக் கவிழ்த்தால் அதில் தண்ணீர் தேங்கும். கொஞ்சம் சாய்த்து வைத்தால் வடிந்துவிடும்.

நம் வீட்டுப் பழக்கத்துக்கு ரொம்பச் சிரமமான விஷயம், ஒன்றுக்குள் ஒன்று போடாமல் இருப்பது. கிண்ணத்துக்குள் கிண்ணம், டபராவுக்குள் டம்ளர் என்று அடுக்கிக் கொண்டுவந்துதானே பழக்கம்? மெஷினில் அப்படி வைத்தால் இரண்டுமே வீண். இட்லித் தட்டுகளைக் கம்பியிலிருந்து கழற்றித் தனித்தனியாக நிறுத்த வேண்டும். கரண்டிகளும் ஒன்றின் முதுகில் ஒன்று ஒட்டாதபடி தலைகீழ் மாற்றி வைக்க வேண்டும். எவர்சில்வர் குக்கர் போகலாம், ஆனால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றி எடுத்துவிட்டு.

சாம்பார் கரண்டியின் நீளக் காம்பு கம்பிக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தால் காத்தாடி முட்டி நின்றுவிடும். அதனால் கதவை மூடும் முன் இரண்டு காத்தாடிகளையும் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். பவுடர் பெட்டியின் மூடிக்கு எதிரே உயரமான தட்டு நின்றால் மூடி திறக்காது, பவுடர் உள்ளேயே கட்டியாகக் கிடக்கும். அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முன்கூட்டியே கழுவி வைக்கத் தேவையில்லை. எலும்பு, கறிவேப்பிலை, முருங்கைச் சக்கை, தேங்காய்த் துருவல் இவற்றை வழித்துக் குப்பையில் போட்டால் போதும். பவுடரில் இருக்கும் நொதிகள் மாவுச்சத்தையும் புரதத்தையும் அறுப்பதற்காகவே சேர்க்கப்பட்டவை. எங்கள் மெஷினின் ஆட்டோ முறை தண்ணீரின் கலங்கலைப் பார்த்துத்தான் எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்று முடிவு செய்கிறது. பளபளவென்று கழுவி வைத்தால் அது சீக்கிரமே முடித்துக்கொள்ளும்.

ஜனவரி 9

எது போகக் கூடாது என்பதை ஆத்தாவோடு சாமான் அறையில் உட்கார்ந்து பிரித்தோம். மனசுக்கு நெருக்கமான வேலை.

அலுமினியம் எதுவும் போகாது. பவுடர் காரத்தன்மை உள்ளது, மிளகாய்க் காரம் இல்லை, ஆல்கலி. அலுமினியத்தின் மேலுள்ள மெல்லிய ஆக்சைடு படலத்தை அது கரைத்துவிடும், பாத்திரம் கருத்துச் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். இரும்புப் பணியாரக்கல்லும் தோசைக்கல்லும் எண்ணெய்ப் பதத்தை இழந்து துருப்பிடிக்கும். மரக்கரண்டி வெடிக்கும். மிக்சி ஜாரில் பிளேடுக்கு அடியில் உள்ள புஷ்ஷும் ரப்பரும் கெடும். பித்தளையும் செம்பும் நிறம் மங்கும், அவற்றுக்குப் புளிதான் சரி. புளியின் அமிலம் மேலே படிந்த ஆக்சைடை மட்டும் எடுத்துவிடும்.

அப்பத்தாவின் ஈயச் செம்பைப் பற்றிப் பேச்சே இல்லை. அது வெள்ளீயம். 232 டிகிரியில் உருகிவிடும் என்பதால்தான் ரசத்தை ஊற்றாமல் அதை அடுப்பில் ஏற்றுவதில்லை. மெஷினின் சூடு அதை உருக்காது, ஆனால் காரம் அதன் மினுக்கத்தைக் கெடுக்கும். பர்மா நாளிலிருந்து வீட்டில் இருக்கும் தங்க விளிம்புப் பீங்கான் தட்டுகளும் வெளியேதான். அந்தத் தங்கம் கண்ணாடிப் பூச்சுக்கு மேலே பூசியது, கழுவக் கழுவத் தேயும். எனாமல் தட்டில் சில்லு பெயர்ந்திருந்தால் அந்த இடத்தில் துரு ஏறும்.

இந்த மெஷினின் கதையே பீங்கான் தட்டில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஷெல்பிவில்லில் இருந்த ஜோசபின் காக்ரேன், தன் பரம்பரைப் பீங்கான் தட்டுகள் கழுவும்போது விளிம்பு உடைவது பொறுக்காமல் இதில் இறங்கினார் என்பார்கள். தட்டுக்கும் கிண்ணத்துக்கும் அளவெடுத்துக் கம்பி அறைகள் செய்து, பிரஷ் வைக்காமல் தண்ணீரின் வேகத்தாலேயே கழுவ வைத்தார். 1886 டிசம்பர் 28 அன்று காப்புரிமை கிடைத்தது. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருடைய மெஷின்கள் வேலை செய்தன. ஆத்தா இதைக் கேட்டுவிட்டு, "அந்த அம்மாவும் நம்மை மாதிரிச் சாமான் பார்த்த வீட்டுக்காரிதான்" என்றார்கள்.

ஜனவரி 12

பொங்கலுக்கு அண்ணன் குடும்பம் வருகிறது, கூடவே தவழும் குழந்தை. ஆகவே இன்று வீட்டில் எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொன்னது:

கத்தியின் முனை கீழே பார்த்துத்தான் நிற்க வேண்டும், நீளக் கத்தி மேல் ரேக்கில் படுக்க வேண்டும். திறந்த கதவை அப்படியே விட்டுப் போகக் கூடாது. இடறி விழுந்தால் கீழே இருப்பது கரண்டியும் கத்தியும். குழந்தை கதவில் ஏறி உட்கார்ந்தால் மெஷினே முன்னால் சாயும். பவுடரை ஓட்டப்போகும்போதுதான் போட வேண்டும், டப்பா மேல் அலமாரியில் இருக்க வேண்டும். அது வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும் காரப்பொருள். குழந்தை தப்பித் தவறி வாயில் போட்டுவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாயைத் துடைத்துக் கழுவிவிட்டு, டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கையால் தேய்க்கும் சோப்புத் திரவத்தை ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. நுரை பொங்கித் தரையெல்லாம் வழியும்.

ஜனவரி 14

பொங்கல். வளவில் கோலம், வெண்கலப் பானை, மத்தியானம் வாழையிலைச் சாப்பாடு. தட்டுக்கு வேலை இல்லை. பானையைப் புளி போட்டு நானே துலக்கினேன்.

ஜனவரி 16

இன்றுதான் மெஷினுக்குச் சரியான சோதனை. கும்மாயம் கிண்டிய எவர்சில்வர் உருளி, உப்புக்கறி வதக்கிய சட்டி, பதினைந்து பேர் காபி குடித்த டம்ளர். கும்மாயப் பாகு ஒட்டிய உருளியை மட்டும் வெந்நீரில் ஊற வைத்து, 70 டிகிரி முறையில் தனியாக ஓட்டினேன். மற்றதெல்லாம் 50 டிகிரி ஈகோ முறையில். ஈகோ மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. கரண்டும் தண்ணீரும் குறைவாகச் செலவாகும், சூட்டுக்குப் பதில் நேரம் வேலை செய்கிறது. ஒரு ஓட்டத்துக்குச் சுமார் 10 லிட்டர் தண்ணீர்தான். பைப்பைத் திறந்துவிட்டுத் துலக்கினால் இந்தச் சாமானுக்கு அது எந்த மூலைக்கு?

வெள்ளை பிளாஸ்டிக் டப்பா ஒன்று மஞ்சள் ஏறி, பவுடரின் காரம் பட்டுச் சிவப்பாக வெளியே வந்தது. அண்ணி பயந்துவிட்டார்கள். மஞ்சளின் நிறப்பொருள் காரத்தில் சிவக்கும், குங்குமம் அப்படித்தானே உண்டாகிறது. டப்பாவை முற்றத்து வெயிலில் வைத்தோம், சாயங்காலத்துக்குள் வெளுக்கத் தொடங்கிவிட்டது.

எடுக்கும்போது கீழ் ரேக்கை முதலில் காலி செய்ய வேண்டும். மேலே தேங்கிய தண்ணீர் கீழே காய்ந்த தட்டில் சொட்டாமல் இருக்கும். ஓடி முடித்ததும் படக்கென்று திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும். கொஞ்ச நேரம் விட்டு, கதவைச் சற்றே திறந்து வைத்தால் எவர்சில்வர் தன் சூட்டிலேயே காய்ந்துவிடுகிறது.

ஜனவரி 19

அக்காவே ஃபில்டரைக் கழற்றிக் கழுவினார். கடுகும் கறிவேப்பிலைக் காம்பும் ஒரு கைப்பிடி வந்தது. பண்டிகைச் சமையலுக்கு அப்புறம் இது நிச்சயம், மற்ற நாட்களில் வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். காத்தாடியின் துளை ஒன்றில் சீரகம் அடைத்திருந்தது, பல்குச்சியால் எடுத்தார். கதவு ரப்பரின் கீழ் மடிப்பில்தான் எண்ணெய்ப் பிசுக்கு சேர்கிறது. அங்கே தண்ணீர் படுவதில்லை, ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

கண்ணாடி டம்ளர் ஒன்று மங்கலாக இருந்தது. வினிகர் தொட்டுத் தேய்த்ததும் தெளிந்தது. அப்படியானால் அது சுண்ணாம்புப் படிவுதான். தெளியாமல் இருந்தால் கண்ணாடியே அரித்திருக்கிறது என்று அர்த்தம், அதற்கு மருந்து கிடையாது. கடினத்தன்மை நம்பரை ஒரு படி ஏற்றி வைத்தேன்.

மெஷினுக்குள் படியும் சுண்ணாம்புக்கு அவ்வப்போது சிட்ரிக் அமிலம் போட்டுக் காலியாக ஓட்ட வேண்டும். போடும்போது தரையில் சிந்தினால் உடனே துடைத்துவிட வேண்டும். எங்கள் அடுப்படித் தரை ஆத்தங்குடிக் கல், சிமெண்டில் வார்த்தது. அமிலம் பட்டால் பூவும் மினுக்கும் போய்விடும். அந்த டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் "தரையில் சிந்தாதே" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.