காலை 8.30 கணக்கு

ஆகஸ்ட் 28, தர்மபுரி

0.0

ஆகஸ்ட் 29

0.0. காலை 8.30க்கு மழைமானியைப் பார்த்து, மழை இல்லையென்றால் 0.0 மி.மீ. பார்க்கவே இல்லையென்றால் ஒரு கோடு. கட்டத்தைக் காலியாக மட்டும் விடக்கூடாது. விட்டால் வருடக் கடைசியில் கூட்டும்போது, பார்க்க மறந்த நாளெல்லாம் காய்ந்த நாளாகிவிடும்.

ஆகஸ்ட் 31

ஊரில் மறுபடியும் லண்டன் பேச்சு. "அங்கே எந்நேரமும் மழைதான், நமக்குத்தான் கொடுப்பினை இல்லை." லண்டனின் ஆண்டு மழை சுமார் 600 மி.மீ. தர்மபுரிக்கு 850ஐ ஒட்டி வரும். நம்ப மாட்டேன் என்கிறார்கள். லண்டன் வானம் அந்த 600ஐப் பன்னிரண்டு மாதத்துக்கும் பங்கு போடுகிறது, மாதத்துக்கு 40லிருந்து 70 வரை. இங்கே ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்றையும் கூட்டினாலும் மானாவாரிக் காட்டில் ஓர் உழவுக்குக் காணாது. கோடை மழை கொஞ்சம் கொடுக்கும். மீதியை நம்பி செப்டம்பர், அக்டோபருக்குக் காத்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 2

0.0. "மழை நாள்" என்ற சொல்தான் இத்தனை குழப்பத்துக்கும் காரணம். இந்தியாவில் 2.5 மி.மீ. பெய்தால்தான் அது மழை நாள். பிரிட்டன் வானிலைத் துறையின் சராசரிப் பட்டியலில் 1 மி.மீ. போதும். அமெரிக்காவில் 0.01 அங்குலம், அதாவது கால் மி.மீ. ஒரே 1.5 மி.மீ. தூறல் பாலக்கோட்டில் விழுந்தால் கணக்கில் இல்லை, லண்டனில் விழுந்தால் உண்டு. நியூயார்க்கில் அதில் ஆறில் ஒரு பங்கு போதும். மூன்று ஊரின் மழை நாள்களையும் ஒரே பட்டியலில் அடுக்கி முதலிடம் யாருக்கு என்று கேட்பது, படியையும் லிட்டரையும் ஒன்றாக வைத்துப் பால் அளப்பது போல. மி.மீ.யை ஒப்பிடலாம். நாளை ஒப்பிட வேண்டுமானால் முதலில் அளவுகோலைக் கேட்க வேண்டும்.

செப்டம்பர் 3

0.0. பென்னாகரம் பக்கம் மின்னல்.

செப்டம்பர் 5

இரண்டு நாளாக பெரு நாட்டுத் தலைநகர் லிமா மனதை விட்டுப் போகவில்லை. நாம் வடக்கே 12 டிகிரி, லிமா தெற்கே 12 டிகிரி. நிலநடுக்கோட்டைக் கண்ணாடியாக நிறுத்தினால் நம் அட்சரேகையின் பிம்பத்தில்தான் அது நிற்கும். ஆண்டு மழை 20 மி.மீ.கூட எட்டாது. பாலைவனம் என்றால் வெயில் கொளுத்தும் என்றுதானே நினைப்போம்? வெயிலும் இல்லை. ஆண்டுக்கு 1,200 மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும், லண்டனைவிடவே குறைவு. கரையோரம் ஓடும் ஹம்போல்ட் குளிர் நீரோட்டம் அடிக்காற்றைக் குளிர வைக்கிறது. மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டது போல உட்கார்ந்துகொள்கிறது. மேகம் எழும்ப இடமில்லாமல் ஜூன் முதல் செப்டம்பர் வரை தாழவே கிடக்கும். சட்டையை மட்டும் நனைக்கும் பூந்தூறல், அவர்கள் அதைக் கருவா என்கிறார்கள். மேகமிருந்தும் மழையில்லாத ஊர். கெய்ரோவிலும் மழை 25 மி.மீ.க்குள்தான், ஆனால் வெயில் 3,400 மணி நேரத்துக்கு மேல்.

செப்டம்பர் 6

0.0

செப்டம்பர் 7

வெயில் மணி விஷயம் முந்தாநாள் பாதியில் நின்றது. எந்த ஊரானாலும் வருடத்துக்குப் பகல் ஏறக்குறைய 4,400 மணி நேரம்தான். லண்டனில் டிசம்பரில் எட்டு மணி, ஜூனில் பதினாறரை மணி, கூட்டினால் கணக்கு ஒன்றுதான். அதில் எத்தனை மணி வெயில் அடித்தது என்பதே கேள்வி. பழைய கருவி ஒரு கண்ணாடிக் குண்டு. வெயிலைக் குவித்துப் பின்னால் உள்ள அட்டையைச் சுடும். சுட்ட கோட்டின் நீளம்தான் வெயில் நேரம். விட்டு விட்டு மேகம் ஓடும் நாளில் சுட்ட புள்ளிகள் அகன்று ஒன்றோடொன்று சேர்ந்து, உள்ளதைவிட அதிகம் காட்டும். காலையில் குண்டின் மேல் பனித்துளி இருந்தால் குறைத்துக் காட்டும். இப்போது மின்னணு உணரிகள் வந்துவிட்டன. நேரடி வெயில் சதுர மீட்டருக்கு 120 வாட்டைத் தாண்டினால் அது வெயில். ஆகவே லண்டனின் டிசம்பர் சோகை வெயிலும் ஒரு மணி, தார்ச்சாலையை இளக்கும் நம் ஏப்ரல் வெயிலும் ஒரு மணி. சோலார் போட நினைப்பவர் மணியைப் பார்த்து ஏமாறக்கூடாது, யூனிட்டைப் பார்க்க வேண்டும். கிடைமட்டமான பரப்பில் சதுர மீட்டருக்கு லண்டனில் ஆண்டுக்குச் சுமார் 1,000 யூனிட் ஆற்றல் விழுகிறது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய அதன் இரு மடங்கு.

செப்டம்பர் 8

நாலு அங்குல பிவிசி குழாயை மழைமானி ஆக்குபவர்கள் செய்யும் தவறு: வெளி விட்டத்தைப் பிடித்துக்கொள்வது. வெளியே 11 செ.மீ. இருக்கும், மழை விழுவது உள்வாயில். உள்ளே 10.5 என்றால் பரப்பு 86.6 சதுர செ.மீ., 1 மி.மீ. மழைக்கு 8.66 மி.லி. தண்ணீர். 11ஐ வைத்துக் கணக்கிட்டால் மழை 9 சதவீதம் குறைந்துபோகும். அளக்க மருந்துக்கடை சிரிஞ்ச் போதும். வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், மட்டமாக. தென்னை 12 மீட்டர் என்றால் 24 மீட்டர் தள்ளி. மொட்டை மாடி வேண்டாம், காற்று துளியை வாய்க்கு மேலேயே தள்ளிக்கொண்டு போய்விடும். புனலில் குளவி கூடு கட்டும், வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 10

0.0. மாலையில் புழுக்கம் தாங்கவில்லை. மும்பை சாந்தாகுருஸ், 2005 ஜூலை 27 காலை வரையான 24 மணி நேரம்: 944 மி.மீ. நம் ஒரு வருட மழையைவிட அதிகம். லண்டனுக்கு ஒன்றரை வருடம்.

செப்டம்பர் 11

சராசரியையும் நம்பிவிட முடியாது. சிட்னிக்குச் சராசரி 1,200 சொச்சம், சென்னைக்கு 1,400. 2022இல் சிட்னியில் சராசரியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பெய்தது. ஒரு ஊருக்கு 1961–1990 சராசரி, இன்னொன்றுக்கு 1991–2020 சராசரி என்று எடுத்து ஒப்பிடுவதும் வீண்.

செப்டம்பர் 13

ராத்திரி பதினொன்றுக்குப் பிடித்தது. சிரிஞ்ச் கணக்கு 291 மி.லி., 33.6 மி.மீ.! மழை பெய்தது 12ஆம் தேதி இரவு, கணக்கில் ஏறுவது 13இல். இன்று காலை 8.30க்கு முடியும் 24 மணி நேரம் இன்றைய தேதிக்குத்தான். நியூயார்க்கில் நள்ளிரவுக்கு நள்ளிரவு. தேதி வாரியாக ஒப்பிடுபவர் இதில்தான் வழுக்குவார். பத்திரிகை இதையே 3 செ.மீ. என்று போடும்.

செப்டம்பர் 14

8.30. இன்னும் பெய்துகொண்டிருக்கிறது. நிற்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உள்ளே இருக்கும் குடுவையை எடுத்து, காலிக் குடுவையை அந்த நொடியே வைத்துவிட்டு, எடுத்ததைக் கூரைக்குள் கொண்டுபோய் அளக்க வேண்டும்.