கொம்புவாலின் தலை

உயிரியல் சார் காலமானார் என்ற செய்தி பினாங்கிலிருந்து மெல்பர்னுக்கு வந்த இரவு, ஐந்தாம் படிவத்தில் அவர் என் முன் வைத்த இரண்டு கண்ணாடிக் குழாய்களே கண்முன் நின்றன. ஒவ்வொன்றிலும் ஸ்பிரிட்டில் ஊறிய ஒரு வெளிறிய புழு. பக்கத்தில், அளவு தெரிவதற்காக, அவருடைய வழக்கமான ஐந்து காசு.

ஒன்று, ஆயர் ஈத்தாமில் அவர் வீட்டு மாமரத்தைக் குடைந்த நீள்கொம்பு வண்டின் புழு. மற்றது, துறைமுகத்தில் ஏதோ இயந்திரம் வந்திறங்கிய பைன் மரப்பெட்டியை உடைத்தபோது கிடைத்தது. இரண்டும் வண்டுப்புழுவே என்று துணிந்து சொன்னதோடு நில்லாமல், இரண்டாவதன் நுனியிலிருந்த கூரிய முள்ளைக் காட்டி, "இதுதான் சார் பல்" என்றேன்.

"தம்பி, அது வால்."

வகுப்பு சிரித்த சிரிப்பு கேண்டீன்வரை கேட்டது. அந்த இரண்டாவது புழு கொம்புவால் என்னும் குளவியினுடையது; அன்று முதல் நான் 'கொம்புவால்' ஆனேன். பள்ளித் தோழர்களான உங்களில் சிலருக்கு என் இயற்பெயர் இன்றும் தெரியாது.

மணி அடித்த பின்னும் சார் விடவில்லை. கொம்புவால் ரம்பக்குளவி இனத்தைச் சேர்ந்தது. ஒடுங்கிய இடுப்பும் கிடையாது, கொட்டவும் கொட்டாது. தாய்ப்பூச்சி துரப்பணம் போன்ற ஊசியால் மரத்தைத் துளைத்து முட்டையிடும்போதே ஒரு பூஞ்சையையும் விதைத்துவிடும்; அது பதப்படுத்திய மரத்தில்தான் புழு வளரும். மாமர வண்டுக்கு அந்த ஊசி இல்லை. பட்டையைப் பல்லால் கீறி முட்டையைச் செருகும். அதன் புழு நார்நாரான கழிவை வெளியே தள்ளித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். கொம்புவால் புழுவோ மாவாக அரைத்த தூளால் தான் வந்த வழியை இறுக அடைத்துக்கொள்வதால், குளவி வெளியேறிய வட்டத்துளை தெரியும்வரை பலகை பழுதற்றதாகவே இருக்கும்.

நான் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டபோது சார், "அங்கே பைன் காட்டில் துளையோடு ஒரு மரத்துண்டு கிடைத்தால் அனுப்பு" என்றார். சைரெக்ஸ் என்னும் அக்கொம்புவால் டாஸ்மேனியாவில் 1952-இலும், நான் குடியேறிய விக்டோரியாவில் 1961-இலும் கண்டறியப்பட்டது. பெண்பூச்சியை மலடாக்கும் நூற்புழுவைக் காடுகளில் பரப்பி இங்கே அதை அடக்கி வைத்திருக்கிறார்கள் என்பதைக் கேட்டிருந்தால் அவர் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்! மரத்தை அஞ்சலில் அனுப்பச் சட்டம் இடம் தராது என்று ஆண்டுக்கணக்கில் எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

போன கோடையில் ஒரு துண்டு கிடைத்தது. பெட்டிக்கடியில் கிடந்த மலேசிய ஐந்து காசைத் தேடியெடுத்து, துளைக்குப் பக்கத்தில் வைத்துப் படமும் பிடித்தேன். அது இன்னும் என் கைப்பேசியிலேயே இருக்கிறது.