கொடைக்கானலின் பாதரசம்

கொடைக்கானல் என்றதும் பலருக்கும் ஏரியும் குளிரும் ஞாபகம் வரும். எனக்குப் பாதரசமும் சேர்ந்தே வருகிறது.

1983இல் அமெரிக்காவின் வாட்டர்டவுனில் ஓடிக்கொண்டிருந்த ஒரு தெர்மாமீட்டர் ஆலையைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்தார்கள். வைத்த இடம் பாம்பார் சோலையை ஒட்டி. 2001இல் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடந்ததை ஊர்மக்களும் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பும் வெளியே கொண்டுவந்தார்கள். அதன் பிறகுதான் ஆலை மூடப்பட்டது.

பாதரசத்தை யாரும் சூடாக்க வேண்டியதில்லை, சாதாரண அறையிலேயே ஆவியாகும். நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மூச்சில் இழுத்த ஆவியில் ஐந்தில் நான்கு பங்கு நுரையீரல் வழியாக ரத்தத்தில் சேர்ந்துவிடும். அப்புறம் மூளை, சிறுநீரகம். கை நடுங்கும், தூக்கம் போகும், நேற்று நடந்தது மறக்கும். கர்ப்பிணியின் உடலில் சேர்ந்தால் கருவையும் எட்டும். வேலை முடிந்து வீடு திரும்புகிறவரின் சட்டையில் ஒட்டிக்கொண்டு குழந்தைகள் படுக்கும் அறைக்கும் வரும். முகக்கவசமும் தனி உடுப்பும் ஒழுங்காகக் கொடுத்திருந்தாலே எவ்வளவோ குறைந்திருக்கும், அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆலையின் 591 முன்னாள் தொழிலாளர்கள் விஷயத்தில் நிறுவனத்தோடு உடன்பாடு வந்தது 2016இல். பதினைந்து வருடம்!

ஆலை நின்ற இடத்து மண்ணில் கலந்த பாதரசத்தின் விவகாரம் அதோடு முடியவில்லை. சுத்தம் செய்த பிறகும் ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்ற அளவுகோலை ஊரில் பலர் ஏற்கவில்லை. நானும் அவர்கள் பக்கம்தான். சோலையில் பெய்யும் மழை கீழே ஓடி வரும், அந்தத் தண்ணீரில் மீன் இருக்கிறது, அதைச் சாப்பிடும் மனிதர்களும் இருக்கிறார்கள்.